தகடு போட்டும் எடுத்தும்: தீர்ந்த அணு எரிபொருளை அளக்கும் கருவியைக் கணினியில் கட்டுவது

அணு உலையில் சில ஆண்டுகள் எரிந்து வெளியே வந்த எரிபொருள் கட்டை யாரும் பிரித்துப் பார்க்க முடியாது. தடுப்பில்லாமல் அதன் அருகே நிற்பவர் சில நிமிடங்களிலேயே உயிரைப் பறிக்கும் அளவு கதிர்வீச்சை வாங்கிவிடுவார். அதனால்தான் அது குளத்தில் பல மீட்டர் நீருக்கு அடியில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் அதற்குள் இருக்க வேண்டியது இருக்கிறதா, ஏதேனும் எரிகோல் உருவப்பட்டிருக்கிறதா என்று கண்காணிப்பவர்கள் உறுதிசெய்தாக வேண்டும். பின்லாந்தின் ஓல்கிலுவோட்டோவில் தீர்ந்த எரிபொருளைச் செம்புக் கொள்கலனில் அடைத்து, நானூறு மீட்டருக்கும் கீழே பாறைக்குள் புதைக்கும் ஏற்பாடு நடக்கிறது. அங்கே ஒருமுறை மூடிய கொள்கலனைத் திறந்து மறுபடி அளக்க வழியில்லை. அளப்பதற்குக் கடைசி வாய்ப்பு அடைப்பதற்கு முன்புதான். அந்த அளவீட்டுக்காக அங்கே உருவாக்கப்பட்ட கருவிகளில் ஒன்றைத் துறையில் பிஎன்ஏஆர் என்பார்கள். வெளியேறும் நியூட்ரான் திரும்பி வந்து எரிபொருளில் என்ன செய்கிறது என்பதை வைத்துக் கட்டை எடைபோடும் முறை அது. அப்படி ஒரு கருவியை உங்கள் கணினியில் கட்டிப் பார்க்க இந்த அத்தியாயம் வழிகாட்டும். ஒரு கோளத்தின் நடுவே ஒரு மூலத்தை வைத்து மான்டி கார்லோ ஓட்டம் ஒன்றை நடத்திப் பார்த்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் போதும்.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு நிலைப்பாட்டை வலியுறுத்துகிறது: கருவியை முதலில் கட்டுங்கள், எரிபொருளைக் கடைசியில் வையுங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எரிபொருள் கட்டின் ஒவ்வொரு கோலையும், ஒவ்வொரு ஐசோடோப்பையும் துல்லியமாக எழுதி முடித்த பிறகு, அவசரமாக ஒரு உணர்கருவியைப் பக்கத்தில் ஒட்டி ஓட்டுகிறார்கள். ஏதோ ஒரு எண் வருகிறது. அது தவறு என்றால், தவறு எரிபொருளிலா கருவியிலா என்று சொல்ல அவர்களிடம் எந்த வழியும் இல்லை. எரிபொருளின் உள்ளடக்கத்தை நேரில் சரிபார்க்க முடியாது, கருவியைச் சரிபார்க்க முடியும். எனவே சரிபார்க்கக் கூடியதை முதலில் சரிபார்த்து, அதன்மேல் ஒவ்வொரு அடுக்காக ஏற்றுவதே முறை. கீழே வரும் படிகளின் வரிசைக்கு இதுவே காரணம். வரிசையை மாற்றினால் படிகளின் பயனும் போய்விடும்.

எதை எண்ணுகிறோம்?

கோட்பாடு இவ்வளவு போதும். தீர்ந்த எரிபொருளிலிருந்து வரும் நியூட்ரான்களில் பெரும்பகுதி புளூட்டோனியத்திலிருந்து வருவதில்லை. க்யூரியம்-244 தன்னிச்சையாகப் பிளப்பதால் வருகிறது. ஒரு கிலோ புளூட்டோனியம்-240 நொடிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் நியூட்ரான்களை விடும். அதே எண்ணிக்கைக்கு க்யூரியம்-244 பத்தில் ஒரு கிராம்கூட வேண்டாம். க்யூரியம் உருவாவதோ பல நியூட்ரான்களை அடுத்தடுத்து விழுங்கிய பிறகு. எனவே எரிவு அளவு கூடக்கூட அது ஏறத்தாழ நான்காம் அடுக்கில் எகிறும். எரிவு மதிப்பில் ஐந்து சதவீதப் பிழை இருந்தால் நியூட்ரான் எண்ணிக்கை இருபது சதவீதத்துக்கு மேல் தவறும். க்யூரியம்-244இன் அரை ஆயுட்காலம் 18.1 ஆண்டுகள். ஐந்து ஆண்டு ஆறிய கட்டும் இருபத்தைந்து ஆண்டு ஆறிய கட்டும் மற்றபடி ஒன்றாகவே இருந்தாலும், இரண்டாவது விடும் நியூட்ரான் முதலாவதில் பாதிக்கும் குறைவு.

ஆகவே வெறும் எண்ணிக்கையை வைத்து உள்ளே எவ்வளவு பிளவுறும் பொருள் இருக்கிறது என்று சொல்வது ஆபத்து. பிஎன்ஏஆர் இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டது. கட்டைச் சுற்றி நீரும் பாலிஎத்திலீனும் இருக்கும். வெளியேறிய நியூட்ரான் அதில் மோதி வேகம் குறைந்து திரும்பி வந்தால், யுரேனியம்-235 அல்லது புளூட்டோனியம்-239 அணுவைப் பிளந்து புதிய நியூட்ரான்களை உண்டாக்கும். நடுவில் ஒரு மில்லிமீட்டர் காட்மியம் தகட்டைச் சொருகினால், திரும்பி வரும் மெதுவான நியூட்ரான்கள் அங்கேயே நின்றுவிடும். வெப்ப வேகத்தில் வரும் லட்சம் நியூட்ரான்களில் அந்தத் தகட்டைத் தாண்டுபவை ஒன்றிரண்டே. தகடு இல்லாத எண்ணிக்கையைத் தகடு உள்ள எண்ணிக்கையால் வகுத்தால் வரும் விகிதம், கட்டு எவ்வளவு பெருக்கும் திறன் கொண்டது என்பதைக் காட்டும். க்யூரியம் எவ்வளவு இருந்தது என்பது மேலும் கீழும் ஒன்றாக வருவதால் வெட்டுப்பட்டுப் போகிறது. இந்த முறையின் உயிர் அந்த வெட்டுதலில்தான் இருக்கிறது. உங்கள் மாதிரி அதைச் சரியாகச் செய்கிறதா என்று சோதிப்பதே கீழேயுள்ள படிகளின் மையம்.

தொடங்கும் முன்

மென்பொருளுக்கு மூன்று வழிகள் உண்டு. லாஸ் அலமோஸில் வளர்ந்த எம்சிஎன்பி இத்துறையின் பொதுமொழி போன்றது. ஆனால் அது ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, உரிமம் பெற்றவர் மட்டுமே பயன்படுத்தலாம். பின்லாந்தின் விடிடி உருவாக்கிய சர்ப்பென்ட் எரிவுக் கணக்குக்குப் பேர்போனது. எம்ஐடியில் தொடங்கிய ஓப்பன்எம்சி திறந்த மூலம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். இந்த அத்தியாயத்தின் எல்லாப் படிகளையும் அதிலேயே செய்துவிடலாம் என்பதால் தொடக்கக்காரருக்கு அதையே சொல்வேன். நியூட்ரான்கள் ஜோடியாக வருவதை நேரம் பார்த்து எண்ணும் கருவிகளுக்கு எம்சிஎன்பியில் ஆயத்த வசதிகள் அதிகம். ஆனால் பிஎன்ஏஆருக்கு வெறும் எண்ணிக்கையே போதும்.

ஒரு குறிப்பேட்டைத் திறந்துகொள்ளுங்கள். தாளானாலும் கோப்பானாலும் சரி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் என்ன விடை வரும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள் என்பதை அதில் எழுதிவிட்டு ஓட்டுங்கள். எதிர்பார்ப்பை எழுதாமல் ஓட்டினால் எந்த விடையும் நியாயமாகவே தோன்றும்.

படிகள்

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். "கட்டை மாதிரியாக்க வேண்டும்" என்பது கேள்வியாகாது. "இந்தக் கருவியின் விகிதம், எரிவு குறைந்த கட்டுக்கும் எரிவு கூடிய கட்டுக்கும் எவ்வளவு வேறுபடும்?" என்பது கேள்வி. எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதும், எதை விட்டுவிடலாம் என்பதும் அந்த வரியிலிருந்தே கிடைக்கும்.

2. ஒற்றை ஹீலியம்-3 குழாயைக் கட்டுங்கள். எரிபொருள் வேண்டாம், நீர் வேண்டாம். 2.54 செ.மீ. விட்டமுள்ள ஒரு குழாய், உள்ளே 4 வளிமண்டல அழுத்தத்தில் ஹீலியம்-3, சுற்றிலும் பாலிஎத்திலீன் கட்டி. வாயுவின் அடர்த்தியை எங்கிருந்தோ நகலெடுக்காமல் நீங்களே கணக்கிடுங்கள். 20 டிகிரி செல்சியஸில் 4 வளிமண்டலத்தில் ஒரு லிட்டருக்கு 0.166 மோல். அதை 3.016ஆல் பெருக்கினால் அரை கிராம். அதாவது ஒரு கன செ.மீ.க்கு 0.0005 கிராம். இந்தச் சிறிய எண்ணில் ஒரு சுழியைக் கூடவோ குறையவோ போட்டவர்கள் ஏராளம். டாலியில் கேட்க வேண்டியது, ஹீலியம்-3 நியூட்ரானை விழுங்கிப் புரோட்டானை உமிழும் வினை எத்தனை முறை நடந்தது என்பதை. வெறும் நியூட்ரான் பாயத்தை எடுத்துக்கொண்டு அதையே எண்ணிக்கை என்று நினைக்காதீர்கள்.

3. பாலிஎத்திலீனின் தடிமனை மாற்றி வரைபடம் எடுங்கள். ஒரு கலிஃபோர்னியம்-252 மூலத்தை அரை மீட்டர் தள்ளிக் காற்றில் வையுங்கள். குழாயைச் சுற்றியுள்ள பாலிஎத்திலீனை ஒவ்வொரு சென்டிமீட்டராகக் கூட்டிக்கொண்டே போனால், எண்ணிக்கை முதலில் ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்க வேண்டும். மெலிதாக இருந்தால் நியூட்ரான் வேகம் குறையாது, தடிமனாக இருந்தால் குழாயை அடையும் முன்பே ஹைட்ரஜன் அதை விழுங்கிவிடும். உங்கள் வரைபடத்தில் அந்த மேடு இல்லையென்றால் அங்கேயே நில்லுங்கள். அடுத்த படிக்குப் போவதில் பொருளில்லை.

குறிப்பு: பாலிஎத்திலீனுக்கும் நீருக்கும் வெப்பச் சிதறல் தரவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் நிரல் பிழை எதுவும் காட்டாது. ஹைட்ரஜன் எதனுடனும் பிணையாத தனி அணு என்று எடுத்துக்கொண்டு அமைதியாக ஓடி முடியும். விடை மட்டும் தவறாக இருக்கும். இத்துறையில் அடிக்கடி நடக்கும் தவறுகளில் இதுவும் ஒன்று. அதைவிட மோசமானது, இது கண்ணுக்குத் தெரியாத தவறு என்பதே.

4. உண்மை அளவீட்டோடு ஒப்பிடுங்கள். உரிமம் பெற்ற ஆய்வகம் ஒன்று கலிஃபோர்னியம் மூலத்தை வைத்து அளந்த தரவு கிடைத்தால், உங்கள் மாதிரி அதோடு பொருந்துகிறதா பாருங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. கலிஃபோர்னியம்-252வின் அரை ஆயுட்காலம் 2.65 ஆண்டுகள். ஆனால் பழைய மூலங்களில் கலிஃபோர்னியம்-250 கலந்திருக்கும், அதன் அரை ஆயுட்காலம் 13 ஆண்டுகள். மூலம் பழையதாக ஆக ஆக அதன் பங்கு கூடிக்கொண்டே வரும். பதினைந்து ஆண்டு பழைய சான்றிதழை எடுத்து 2.65ஐ மட்டும் வைத்துத் தேய்வு கணக்கிட்டால், மூலம் உண்மையில் இருப்பதைவிட வலுவற்றதாகத் தெரியும். குறை மாதிரியில்தான் என்று நினைத்து நீங்கள் நல்ல மாதிரியைக் கெடுக்கத் தொடங்குவீர்கள். அளவீட்டுத் தரவே கிடைக்கவில்லையா? ஒரே அமைப்பை இரண்டு நிரல்களில் எழுதி ஒப்பிடுங்கள். அது அளவீட்டுக்கு ஈடாகாது, ஆனால் தட்டச்சுப் பிழைகளைப் பிடித்துவிடும்.

5. புதிய எரிபொருளைக் கொண்டு கட்டின் வடிவத்தை அமையுங்கள். தீர்ந்த எரிபொருளின் சேர்மானம் இன்னும் வேண்டாம். பரவலாகப் பயன்படும் 17க்கு 17 கட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 289 இடங்கள், அவற்றில் 264 எரிகோல்கள், 24 வழிகாட்டிக் குழாய்கள், நடுவில் ஒரு கருவிக் குழாய். கோலுக்குக் கோல் 1.26 செ.மீ., உறையின் வெளிவிட்டம் 0.95 செ.மீ., வில்லையின் விட்டம் ஏறத்தாழ 0.82 செ.மீ. கட்டின் பக்கம் 21.4 செ.மீ. எரியும் பகுதியின் நீளம் 366 செ.மீ. உணர்கருவிக்கு மேலும் கீழும் எவ்வளவு நீளம் வைத்தால் போதும் என்பதை ஊகிக்க வேண்டாம். ஒரு நீளத்தில் ஓட்டி, அதை இரட்டித்து மறுபடி ஓட்டுங்கள். விடை பிழை வரம்புக்குள் மாறாதிருந்தால் முதல் நீளமே போதும். கூடங்குளத்தில் இருப்பது போன்ற ரஷ்ய வகை உலைகளின் கட்டு அறுகோணம். அதற்கு இந்தச் சதுர வலையை நெளித்து வளைத்துப் பொருத்தப் பார்க்காமல், அறுகோண வலையிலேயே புதிதாகத் தொடங்குங்கள்.

6. மூலத்தை வையுங்கள். எல்லா எரிகோல்களிலும் சமமாக, க்யூரியம்-244இன் பிளவு நிறமாலையோடு வையுங்கள். வலிமையை இப்போதைக்கு ஒரு நியூட்ரான் என்றே வைத்திருங்கள். ஓட்டம் நிலையான மூல முறையில் இருக்க வேண்டும். உலையின் பெருக்கக் காரணியைத் தேடும் முறையில் ஓட்டினால், மூல நியூட்ரான் எங்கே பிறந்தது என்பதையே நிரல் மறந்துவிடும். பிறகு எந்தக் கோலில் பிறந்த நியூட்ரான் எண்ணப்படுகிறது என்று பிரித்துப் பாருங்கள். ஓப்பன்எம்சியில் பிறந்த செல்லைக் கொண்டு டாலியைப் பிரிக்கும் வடிப்பான் இருக்கிறது. வெளி வரிசைக் கோல்களின் பங்கு நடுக்கோலின் பங்கைவிடக் கூடுதலாக இருப்பதை நீங்களே காண்பீர்கள். நடுவிலிருந்து ஒரு கோலை உருவினால் கருவிக்கு எவ்வளவு தெரியும் என்ற கேள்விக்கு இந்த வரைபடமே முதல் விடை.

7. பிளவை அணைத்துவிட்டு விகிதத்தை எடுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். எம்சிஎன்பியிலும் ஓப்பன்எம்சியிலும், பிளவு நடந்தாலும் புதிய நியூட்ரான் பிறக்காதபடி அணைக்கும் வசதி உண்டு. அப்படி அணைத்துவிட்டுத் தகடு போட்டு ஒரு முறையும் எடுத்து ஒரு முறையும் ஓட்டுங்கள். இப்போது கட்டுக்குப் பெருக்கும் திறனே இல்லை. எனவே விகிதம் ஒன்றுக்கு மிக அருகில் வர வேண்டும். அது 1.05 என்று வந்தால், அந்த 0.05 எரிபொருளைப் பற்றியது அல்ல. தகடு நேரடியாக உணர்கருவியை மறைப்பதால் வந்தது. உணர்கருவியைச் சுற்றி அதற்கென்று ஒரு காட்மியம் உறையும் பாலிஎத்திலீனும் சரியாக இருந்தால், வேகமான நியூட்ரான்களை மட்டுமே அது பார்க்கும், தகட்டைப் பற்றி அதற்குக் கவலை இராது. விகிதம் ஒன்றை நெருங்கும் வரை கருவியின் வடிவத்தைத் திருத்துங்கள். மீதமிருப்பதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு விடையிலும் அது ஒளிந்திருக்கும்.

8. பிளவைத் திறந்து, இரண்டு ஓட்டங்களை நடத்துங்கள். இரண்டுக்கும் இடையே மாற வேண்டியது தகடு மட்டுமே. தகட்டை எடுத்த இடத்தில் வெற்றிடத்தை விடாதீர்கள். உண்மைக் குளத்தில் அந்த ஒரு மில்லிமீட்டரில் நீர் புகுந்துவிடும். உங்கள் மாதிரியிலும் நீரே இருக்கட்டும். ரேண்டம் எண்ணின் தொடக்க விதையை இரண்டுக்கும் வேறுவேறாகக் கொடுங்கள். இரண்டிலும் ஒரே விதை இருந்தால் ஓட்டங்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும், நீங்கள் போடும் பிழைக் கணக்கு செல்லாது.

9. பிழையைக் கணக்கிட்ட பிறகே விகிதத்தை நம்புங்கள். ஒவ்வொரு எண்ணிக்கையிலும் 0.3 சதவீதப் பிழை என்றால் விகிதத்தில் 0.42 சதவீதம். 0.3 சதவீதத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கைகள் வேண்டும். மூல நியூட்ரான் ஆயிரத்துக்கு ஒன்று வீதம் எண்ணப்படுகிறது என்றால், பதினோரு கோடி நியூட்ரான்களை ஓட்ட வேண்டும். நல்ல மேசைக் கணினியில் இது இரவு முழுக்க ஓடும் வேலை. மாலையில் தொடங்கிவிட்டுப் போங்கள். அவசரத்தில் பத்து லட்சம் மட்டும் ஓட்டி, ஆடும் எண்ணைப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள்.

10. கடைசியாக, தீர்ந்த எரிபொருளின் சேர்மானத்தை ஏற்றுங்கள். எரிவுக் கணக்கு நிரலில் ஒரு கட்டை எரித்து, ஆறவிட்டு, வரும் ஐசோடோப்புகளைக் கோல்களில் நிரப்புங்கள். 17க்கு 17 கட்டில் எட்டில் ஒரு பங்குச் சமச்சீர் இருப்பதால் 39 தனித்தனிக் கோல்களைக் கணக்கிட்டால் போதும். ஒரே கோலுக்குள்ளும் விளிம்பில் புளூட்டோனியம் கூடுதலாகச் சேரும், எனவே வில்லையைச் சில வளையங்களாகப் பிரியுங்கள். மூல வலிமையும் இப்போதுதான் உள்ளே வருகிறது. ஒரு கட்டோடு நிறுத்தாமல் பல கட்டுகளுக்குச் செய்யுங்கள். லாஸ் அலமோஸ் 2009இல் தொடங்கிய பெருந்திட்டத்தில், எரிவு நான்கு அளவு, செறிவூட்டல் நான்கு அளவு, ஆறிய காலம் நான்கு அளவு என்று 64 கட்டுகளின் நூலகம் ஒன்றைக் கட்டினார்கள். எரிவு ஒரு டன் யுரேனியத்துக்கு 15 முதல் 60 ஜிகாவாட் நாள் வரை, செறிவூட்டல் 2 முதல் 5 சதவீதம் வரை, ஆறிய காலம் 1, 5, 20, 80 ஆண்டுகள். அந்தப் பரப்பை அப்படியே எடுத்துக்கொள்வது நல்லது. உங்கள் கருவி எங்கே நன்றாக வேலை செய்கிறது, எங்கே திணறுகிறது என்பது ஒற்றைக் கட்டில் தெரியவே தெரியாது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

இத்துறையில் மாதிரிகளைக் கெடுப்பது பெரும்பாலும் இயற்பியல் அறியாமை அல்ல, அலகுகள். ஓப்பன்எம்சி ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் கேட்கும், எம்சிஎன்பி அதன் பத்து லட்சம் மடங்கான அலகில் கேட்கும். ஒன்றிலிருந்து மற்றதுக்கு நிறமாலையை நகலெடுத்து ஒட்டும்போது நியூட்ரானின் ஆற்றல் பத்து லட்சம் மடங்கு குறைந்தோ கூடியோ போய்விடும். எம்சிஎன்பியில் அடர்த்திக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் கன செ.மீ.க்கு இத்தனை கிராம் என்று பொருள், குறி இல்லையென்றால் அணுக்களின் எண்ணிக்கை. அந்த ஒரு சிறு கோடு விடுபட்டால் உங்கள் நீர் நீராக இருக்காது. இது போன்ற பிழைகளைப் பிடிக்க ஒவ்வொரு பொருளின் மொத்த எடையையும் நிரலை அச்சிடச் சொல்லிக் கையால் ஒப்பிடுவதைவிட நல்ல வழி இல்லை. ஒரு முழுக் கட்டில் யுரேனியம் 460 கிலோ அளவில் வர வேண்டும். நானூற்றறுபது கிராம் என்று வந்தால் எங்கே தேட வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது மூலத்தின் எண்ணிக்கை. தன்னிச்சைப் பிளவை மூலமாகக் கொடுக்கும்போது, விடை ஒரு பிளவுக்கா ஒரு நியூட்ரானுக்கா என்று கையேட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். க்யூரியம்-244 ஒரு பிளவுக்குச் சராசரியாக 2.7 நியூட்ரான்களை விடுகிறது. இரண்டையும் குழப்பினால் எண்ணிக்கை வீதம் அதே மடங்கில் தவறும். விகிதத்தில் இந்தத் தவறு தெரியாது, அங்கேயும் அது வெட்டுப்பட்டுப் போகும். அதனாலேயே அது நெடுநாள் ஒளிந்திருக்கும்.

போரான் இன்னொன்று. அழுத்த நீர் உலைகளின் குளங்களில் பெரும்பாலும் போரான் கலந்த நீர் இருக்கும். மெதுவான நியூட்ரான்களைப் போரான்-10 விழுங்கித் தீர்ப்பதால் பிஎன்ஏஆரின் விகிதம் வெகுவாகச் சுருங்கும். இயற்கைப் போரானில் போரான்-10 அணு எண்ணிக்கையில் 19.9 சதவீதம், எடையில் 18.4 சதவீதம். எதைக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுங்கள். குளத்து நீர் சூடாக இருந்தால் அதன் அடர்த்தியும் குறையும். இதைத் தனியாக ஓட்டி, எவ்வளவு பாதிக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

நிரல் "துகள் தொலைந்தது" என்று சொன்னால் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். தொலைந்த நியூட்ரானின் எண்ணிக்கை சிறிதாக இருக்கலாம். ஆனால் வடிவத்தில் எங்கோ இரண்டு செல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன, அல்லது நடுவில் ஓட்டை இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அது உணர்கருவிக்குப் பக்கத்தில் இருந்தால் விடையே போயிற்று.

எழக்கூடிய மறுப்புகள்

"எம்சிஎன்பி உலகம் முழுக்கச் சரிபார்க்கப்பட்டது. நான் எதற்குத் தனிக் குழாயிலிருந்து தொடங்க வேண்டும்?" என்று கேட்பார்கள். சரிபார்க்கப்பட்டது நிரல். நீங்கள் எழுதிய உள்ளீட்டுக் கோப்பு அல்ல. ஹீலியம்-3இன் வெப்பக் குறுக்குவெட்டு 5330 பார்ன் என்பதை நிரல் சரியாகவே அறிந்து வைத்திருக்கிறது. நீங்கள் அந்த வாயுவைப் பத்து மடங்கு அடர்த்தியாக நிரப்பியிருந்தால் அதற்கு எந்த ஆட்சேபமும் இல்லை. மேலே சொன்ன தவறுகளில் எதுவுமே நிரலின் தவறு அல்ல என்பதைப் பாருங்கள்.

"நேரடியாக அளந்தாலே போதுமே, கணினி எதற்கு?" என்பது இதைவிட வலுவான கேள்வி. சுவீடனில் ஓஸ்கர்ஷாம்ன் அருகே கிளாப் என்ற இடைக்காலச் சேமிப்பகம் இருக்கிறது. அங்கே 25 அழுத்த நீர் உலைக் கட்டுகளையும் 25 கொதிநீர் உலைக் கட்டுகளையும் தேர்ந்து, பல கருவிகளால் அளக்கும் பணி நடந்தது. அது அரிய தொகுப்பு. ஆனாலும் யாரோ கோலைக் களவாடி மறைத்த கட்டை அதில் எதிர்பார்க்க முடியாது. கருவி எதைப் பிடிக்க வேண்டுமோ அந்த நிலையே அளவீட்டில் கிடைக்காது. கோல்களை எடுத்துவிட்டுக் குறையூட்டிய யுரேனியக் கோல்களை வைத்தால் கருவி என்ன காட்டும் என்பதைக் கணினியில் மட்டுமே பார்க்க முடியும். அளவீடு மாதிரியைச் சரிபார்க்கிறது, மாதிரி அளவீடு எட்டாத இடத்துக்குப் போகிறது. ஒன்றில்லாமல் மற்றது நிற்காது.

மூன்றாவது மறுப்புக்கு முழுமையான விடை இல்லை. எரிபொருளின் சேர்மானத்தை எரிவுக் கணக்கு நிரல் கொடுக்கிறது, கருவியின் விடையை மாதிரி கொடுக்கிறது. இரண்டும் ஒரே குறுக்குவெட்டுத் தரவையும், உலை நடத்துநர் அறிவித்த எரிவு வரலாற்றையும் நம்பியிருந்தால் இது தன்னைத் தானே உறுதிசெய்துகொள்ளும் வட்டம் அல்லவா? ஒரு பகுதி அப்படித்தான். ஆனால் வட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மேலேயுள்ள வரிசை காட்டிவிடுகிறது. ஒன்று முதல் நான்கு வரையுள்ள படிகளில் எரிபொருள் இல்லை. அங்கே கருவி தனியாக, அளவீட்டை வைத்துச் சோதிக்கப்பட்டுவிட்டது. ஏழாம் படியில் எரிபொருள் இருந்தாலும் அதன் பெருக்கம் அணைக்கப்பட்டிருக்கிறது. வட்டத்துக்குள் வருவது பத்தாம் படி மட்டுமே. அதன் பிழையை அளக்க, எரிவையும் ஆறிய காலத்தையும் சில சதவீதம் வேண்டுமென்றே மாற்றி ஓட்டி, விகிதம் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். வெறும் எண்ணிக்கை வெகுவாக ஆட, விகிதம் கொஞ்சமே ஆடினால் முறை வேலை செய்கிறது. எரிபொருளை முதலில் கட்டியவருக்கு இந்தப் பிரிவினை கிடைப்பதேயில்லை. அவருடைய மாதிரி முழுவதும் வட்டத்துக்குள் இருக்கிறது.

"கணினிகள் வேகமாகிவிட்டன, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாதிரியாக்கலாமே?" என்றும் சொல்வார்கள். செய்யலாம். பத்து நிமிடத்தில் விடை வரும், அது ஏன் அப்படி வந்தது என்று கண்டுபிடிக்கப் பத்து நாள் ஆகும். வேகம் ஓட்டத்தைக் குறைக்கிறது, தேடலைக் குறைப்பதில்லை.

பாதுகாப்பு

கணினியில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் கணினியிலிருந்து கிளம்பிய எண் குளத்தங்கரைக்குப் போகும்போது பொறுப்பும் கூடவே போகிறது. கீழுள்ளவற்றை விட்டுக்கொடுக்காதீர்கள்.

1. இந்த மாதிரியிலிருந்து வரும் பெருக்கக் காரணியை வைத்துக் கட்டுகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்கலாம் என்று எவருக்கும் சொல்லாதீர்கள். தொடர்வினைப் பாதுகாப்புக் கணக்குக்குத் தனித் தரவு, தனிச் சரிபார்ப்பு, தனி அதிகாரம் உண்டு.

2. இதில் காமா கதிரைப் பற்றி ஒன்றும் இல்லை. கட்டின் காமா கதிரில் ஹீலியம்-3 குழாய் திணறிவிடும். ஈயத்தடுப்பு எவ்வளவு வேண்டும் என்பதற்குத் தனியாக ஃபோட்டான் ஓட்டம் நடத்துங்கள். அந்த ஓட்டத்தையும் ஒருவர் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று முடிவுசெய்யப் பயன்படுத்தாதீர்கள். அது கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியின் வேலை.

3. கலிஃபோர்னியம் மூலத்தைக் கையாள இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். நான்காம் படிக்கு மூலத்தை நீங்களே தேடிப் போக வேண்டாம். அனுமதி பெற்ற ஆய்வகத்தோடு சேர்ந்து செய்யுங்கள், அல்லது அவர்கள் எடுத்த தரவைக் கேளுங்கள்.

4. உண்மைக் கட்டுகளின் எரிவு வரலாறும் அடையாள எண்களும் பெரும்பாலும் ரகசியமாகவே தரப்படுகின்றன. அவற்றைப் பொதுக் களஞ்சியத்தில் உள்ளீட்டுக் கோப்பாக ஏற்றிவிடாதீர்கள். உரிமம் பெற்ற நிரலின் நகலை நண்பருக்கு அனுப்புவதும் சட்ட மீறல்தான்.

5. ஒவ்வொரு விடையோடும் நிரலின் பதிப்பு, தரவு நூலகத்தின் பெயர், விதை எண், ஏழாம் படியில் கிடைத்த மீதம் ஆகிய நான்கையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் அந்த விகிதத்தைப் பற்றிக் கேட்கும்போது, மறுபடி ஓட்டி அதே எண்ணைக் கொண்டுவர இந்த நான்கும் வேண்டும்.